போதகரே, படம் பார்க்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆராதனை முடிந்து வாசலில் நிற்கும்போது கேட்பார்கள். மருத்துவமனை வராந்தாவில் கேட்பார்கள். இரவு பதினொரு மணிக்குக் கைபேசியில், "தப்பா நினைக்காதீங்க ஐயா" என்று தொடங்கிக் கேட்பார்கள். சினிமா, தொடர், பாட்டு, கைபேசித் திரை இவற்றோடு ஒரு விசுவாசி எப்படி வாழ்வது என்பதுதான் எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் கேள்வி. வாய்மொழியாகச் சொல்லிவந்த பதில்களை இங்கே எழுதிவைத்திருக்கிறேன்.

ஒரே வார்த்தையில் சொல்லுங்கள் ஐயா. படம் பார்ப்பது பாவமா?

இல்லை.

ஆனால் இந்த ஒரு வார்த்தையை வாங்கிக்கொண்டு எழுந்து போய்விடாதீர்கள். பாவமா என்று கேட்பவரிடம் நான் திருப்பிக் கேட்பது இதுதான்: படம் முடிந்து விளக்கு எரிந்ததும் பக்கத்தில் இருந்தவரை எப்படிப் பார்த்தீர்கள்? வீட்டுக்குப் போய் முதலில் யாரிடம் பேசினீர்கள், எந்தக் குரலில்? ஒரு கதை நமக்குள் என்ன செய்தது என்பது திரைக்கு முன்னால் தெரியாது. எழுந்து நடக்கும்போதுதான் தெரியும்.

ஆதித் திருச்சபை கேளிக்கைகளை அறவே வெறுத்ததே. நாம் ஏன் தளர்ந்துபோனோம்?

வெறுத்தது உண்மை. கி.பி. 200-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரைச் சேர்ந்த கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் கேளிக்கைகளுக்கு எதிராகத் தனி நூலே எழுதினார். எதைப் பார்த்து எழுதினார் என்பதையும் நாம் பார்க்கவேண்டும். அன்றைய அரங்கத்தில் மனிதனை மனிதன் வெட்டிச் சாய்ப்பதுதான் வேடிக்கை. கைதிகளைக் காட்டு மிருகங்களுக்கு முன் தள்ளுவார்கள். 203-ல் அதே கார்த்தேஜில் பெர்பெத்துவா, பெலிசித்தா என்ற இரு இளம் தாய்மார் அப்படித்தான் இரத்தசாட்சிகளானார்கள். தன் சகோதரி செத்த மண்ணில் உட்கார்ந்து ஒருவன் கைதட்ட முடியுமா? அந்த அளவில் தெர்த்துல்லியன் பக்கம் நான் முழுமனதோடு நிற்கிறேன்.

நூலின் முடிவில்தான் அவரை விட்டு விலகுகிறேன். இதையெல்லாம்விடப் பெரிய காட்சி ஒன்று நமக்குக் காத்திருக்கிறது, அது கடைசி நியாயத்தீர்ப்பு என்கிறார். அன்று ராஜாக்களும் நடிகர்களும் தேரோட்டிகளும் நெருப்பில் வேவதைப் பார்த்து மகிழலாம் என்று எழுதுகிறார். அரங்கத்தை விட்டு வெளியே வந்த மனிதர் அதைவிடப் பெரிய அரங்கத்தில் தனக்கு ஓர் இருக்கை பிடித்து வைத்திருக்கிறார். படம் பார்க்காமல் இருப்பதாலேயே நம் கண் சுத்தமாகிவிடாது என்பதை இதைவிடத் தெளிவாக எனக்கு எதுவும் காட்டியதில்லை.

இரண்டு நூற்றாண்டுகள் கழித்து வேறொருவர் வந்தார். தெலெமாக்கு என்ற துறவி ரோமாபுரி அரங்கத்துக்குள் இறங்கிப்போய், வெட்டிக்கொள்கிறவர்களைத் தடுத்தார். வேடிக்கை கெட்டுப்போன ஆத்திரத்தில் ஜனங்கள் அவரைக் கல்லெறிந்து கொன்றார்கள். அதன் பின் பேரரசர் ஹொனோரியு அந்தச் சண்டைகளை நிறுத்தினார் என்று 5-ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் தியோதொரேத்து எழுதிவைத்திருக்கிறார். தெர்த்துல்லியனைவிட இவரையே நான் அதிகம் நினைத்துக்கொள்கிறேன்.

கதை என்பது கட்டுக்கதை. கட்டுக்கதை என்றால் பொய். பொய்க்குப் பிதா யார் என்று வேதமே சொல்கிறதே?

வாலிபர் கூடுகையில் ஒரு தம்பி இதை எழுந்து நின்று கேட்டான். கோபத்தோடு கேட்கவில்லை, உண்மையிலேயே தவித்துப்போய்க் கேட்டான். அன்று அவனோடு சேர்ந்து 2 சாமுவேல் 12-ஆம் அதிகாரத்தைத் திறந்தேன்.

தாவீது பத்சேபாளை எடுத்துக்கொண்டு, அவள் புருஷனைப் போர்முனையில் நிறுத்திச் சாகடித்துவிட்டான். தீர்க்கதரிசியாகிய நாத்தான் அரண்மனைக்கு வருகிறார். நியாயப்பிரமாணத்தை எடுத்து வாசித்திருக்கலாம். தாவீதுக்கு அது மனப்பாடம், பயன் இருந்திருக்காது. நாத்தான் ஒரு கதை சொல்கிறார். ஒரு பணக்காரன், ஒரு ஏழை. ஏழையிடம் இருப்பது ஒரே ஒரு ஆட்டுக்குட்டி. அது அவன் தட்டில் தின்று, அவன் பாத்திரத்தில் குடித்து, மகளைப்போல அவன் மடியில் தூங்கும். பணக்காரன் வீட்டுக்கு விருந்தாளி வருகிறான். தன் மந்தையில் கைவைக்க மனமில்லாமல் அந்த ஒற்றைக் குட்டியைப் பிடித்து அடித்துவிடுகிறான். ராஜா கொதித்துப்போகிறான். அவனுக்கு மரணம்தான் தண்டனை என்கிறான். அந்த மனுஷன் நீதான் என்கிறார் நாத்தான்.

அப்படி ஒரு பணக்காரன் இல்லை. அப்படி ஓர் ஆட்டுக்குட்டியும் இல்லை. ஆனாலும் அன்று அந்த அரண்மனையில் பேசப்பட்ட ஒரே உண்மை அதுதான். கட்டளைகளுக்குக் கதவைச் சாத்திப் பழகிய மனசுக்குள் ஓர் ஆட்டுக்குட்டி நுழைந்துவிட்டது. இயேசுவும் ஜனங்களிடம் உவமைகளால்தான் பேசினார். எரிகோ சாலையில் குற்றுயிராய்க் கிடந்தவன் பெயர் என்ன, எந்த வருஷத்தில் நடந்தது என்று யாரும் அவரிடம் கேட்கவில்லை.

நாத்தானின் கதையிலிருந்து நான் எடுத்துக்கொண்ட பழக்கம் ஒன்று உண்டு. படம் பார்க்கும்போது எல்லாரும் தானாகவே கதாநாயகனின் இருக்கையில் உட்கார்ந்துவிடுகிறோம். துரோகம் செய்யப்பட்டவன் நான், நீதி கேட்பவன் நான், கடைசியில் ஜெயிப்பவனும் நான். நாத்தான் தாவீதைப் பணக்காரன் இடத்தில் உட்காரவைத்தார். அடுத்த முறை ஒரு படம் பார்க்கும்போது அதில் உங்களுக்குப் பிடிக்காத ஆளின் இருக்கையில் ஐந்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். அந்தத் தம்பி இரண்டு வாரம் கழித்து வந்து, "என் அப்பாகிட்ட மன்னிப்புக் கேட்டேன் ஐயா" என்றான். எந்தப் படம் என்று நான் கேட்கவில்லை.

ஜெபத்தில் வராத கண்ணீர் படத்தில் வருகிறது. என் விசுவாசம் குறைவா?

என்னை மிகவும் யோசிக்கவைத்த கேள்வி இது. கேட்டவர் கணவரை அடக்கம் செய்து எட்டு மாதமாக ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவர். ஏதோ ஒரு படத்தில், யாரோ ஒரு கிழவர் ரயில் ஏறும் காட்சியில், அடக்க முடியாமல் அழுதிருக்கிறார். "கடவுள் முன்னால அழாம நடிகன் முன்னால அழுதுட்டேன் ஐயா" என்றார், வெட்கப்பட்டு.

ஆதித் திருச்சபையின் பெரிய போதகர் அகுஸ்தீனுக்கும் இந்தத் தவிப்பு இருந்தது. சிறுவனாகப் பள்ளியில் தீதோ என்ற கதைராணி செத்ததற்காக அழுதவர் அவர். தன் ஆத்துமா செத்துக்கொண்டிருந்ததற்கு அழவில்லையே என்று பின்னால் எழுதினார். கார்த்தேஜில் படிக்கும்போது நாடகங்களுக்கு ஓடுவார். வாழ்க்கையில் யாருமே விரும்பாத துக்கத்தை மேடையில் மட்டும் ஏன் காசு கொடுத்து விரும்பிப் பார்க்கிறோம் என்று கேட்டார். அங்கே பார்வையாளனை உதவி செய்ய யாரும் கூப்பிடுவதில்லை, வருத்தப்பட மட்டுமே கூப்பிடுகிறார்கள். இது என்ன இரக்கம் என்றார்.

அவர் கேள்வி சரி. ஆனால் அதே அகுஸ்தீன் 387-ல் மிலான் நகரில் ஞானஸ்நானம் பெற்ற நாட்களில், சபை பாடுவதைக் கேட்டுத் தேம்பி அழுததாகவும் எழுதியிருக்கிறார். கண்ணீரின்மேல் அவருக்குச் சந்தேகம் இல்லை. அது எங்கே போய்ச் சேர்கிறது என்பதே அவருடைய கவலை.

அந்த அம்மாவிடம் நான் இப்படிச் சொன்னேன். ஜெபத்தில் நாம் கொஞ்சம் உடுத்திக்கொண்டுதான் வருகிறோம், வார்த்தைகளைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு. இருட்டான அரங்கில் யாரும் நம்மைப் பார்ப்பதில்லை, அதனால் உடைந்துபோக முடிகிறது. அந்தக் கண்ணீரைத் தேவன் கணக்கில் எழுதமாட்டார் என்று உங்களுக்கு யார் சொன்னது? அழுதாகிவிட்டது. இனி அதே துக்கத்தில் இருக்கும் இன்னொருவரை இரண்டு நாளைக்குள் போய்ப் பாருங்கள். இரண்டு நாள் என்று நான் கெடு வைப்பதற்குக் காரணம், கண்ணீர் காயும் வேகம் எனக்குத் தெரியும்.

ஆகாத காட்சி வந்தால் கண்ணை மூடிக்கொண்டால் போதாதா?

அகுஸ்தீனின் நண்பர் அலிப்பியு அதைத்தான் செய்தார். நண்பர்கள் அவரை ரோமாபுரி அரங்கத்துக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். உடம்பை இழுக்கலாம், கண்ணை இழுக்க முடியாது என்று கண்ணை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்தார். காதை மூடவில்லை. யாரோ வெட்டுப்பட்டு விழ, கூட்டம் ஒரே குரலாக ஆர்ப்பரித்தது. கண் திறந்தது, பார்த்தார், பிறகு மூட முடியவில்லை. அடுத்த தடவை அவரே மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு போனார்.

ஆகவே, போதாது. நமக்கு எது பலவீனம் என்று நமக்கே தெரியும். தெரிந்தும் அதன் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டு கண்ணை மூடுவது யாரை ஏமாற்ற?

ஆனால் இரத்தம் தெரிந்தாலே அந்தப் படம் ஆகாது என்பவர்களோடும் என்னால் ஒத்துப்போக முடியவில்லை. நியாயாதிபதிகள் 19-ஆம் அதிகாரத்தை வாசித்திருக்கிறீர்களா? ஒரு பெண் இரவு முழுக்கச் சிதைக்கப்பட்டு, விடியும்போது வாசற்படியில் கைவைத்தபடி கிடப்பாள். அதை எந்தச் சபையிலும் சத்தமாக வாசிக்கக் கேட்டதில்லை, ஆனால் வேதத்திலிருந்து யாரும் அதைக் கிழித்துப்போடவும் இல்லை. அந்த அதிகாரத்தில் ஒரு வரிகூட அவள் வேதனையை ருசித்து எழுதப்படவில்லை. படிப்பவனுக்கு வயிறு கலங்குகிறது. ஒரு படத்திலும் நான் கவனிப்பது அதைத்தான். கேமரா அடிபடுகிறவன் பக்கம் நிற்கிறதா, அடிக்கிறவனோடு சேர்ந்து குதூகலிக்கிறதா? இரண்டு காட்சியிலும் ஒரே அளவு இரத்தம் இருக்கலாம்.

"ஆகாத சம்பாஷணைகள் நல்லொழுக்கங்களைக் கெடுக்கும்" என்று பவுல் எழுதியிருக்கிறாரே?

1 கொரிந்தியர் 15:33. எழுதியிருக்கிறார், நானும் அதை நம்புகிறேன். ஆனால் அந்த வரியே மெனாந்தர் என்ற கிரேக்க நகைச்சுவை நாடக ஆசிரியருடையது என்று, வேதத்தை லத்தீனில் மொழிபெயர்த்த ஜெரோம் சொல்லியிருக்கிறார். அத்தேனேயில் பிரசங்கித்தபோதும் பவுல் அவர்களுடைய கவிஞர் ஆராத்துவின் வரியைத்தான் எடுத்துக்கொண்டார். நாடகத்தையும் கவிதையையும் எதிரியாகப் பார்த்திருந்தால் அவை அவர் நாவில் வந்திருக்காது.

நான் பார்ப்பது எனக்குச் சரி. ஆனால் சபையில் ஒருவருக்கு இடறலாக இருக்கிறது. என்ன செய்ய?

அவர் முன்னால் அதைப் பற்றிப் பேசாதீர்கள், அவரை அதற்கு அழைக்காதீர்கள், அவரைக் கேலியும் செய்யாதீர்கள். விக்கிரகங்களுக்குப் படைத்ததைப் பற்றி பவுல் கொரிந்து சபைக்குச் சொன்னதும் இதுதான்: அறிவு நம்மை ஊதவைக்கும், அன்புதான் கட்டி எழுப்பும். குடியிலிருந்து மீண்ட ஒரு சகோதரர் எங்கள் சபையில் இருந்தார். சினிமாப் பாட்டு ஒன்று காதில் விழுந்தால் பழைய மதுக்கடை மேசையே அவர் கண்முன் வந்துவிடும். அவர் வண்டியில் ஏறினால் நாங்கள் வானொலியை அணைத்துவிடுவோம். அதில் எங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

இன்னொரு வகை இடறலும் உண்டு. தனக்கு ஒரு பலவீனமும் இல்லாமல், மற்றவரைக் கட்டுப்படுத்துவதற்காகவே "எனக்கு இடறல்" என்பவர்கள். அவர்களிடம் நான் நேராகப் பேசிவிடுவேன்.

சினிமாப் பாட்டின் மெட்டில் ஆராதனைப் பாட்டு பாடலாமா?

சபைச் சீர்திருத்தவாதி லுத்தர் சாராயக்கடை மெட்டுகளை எடுத்தார் என்று ஒரு கதை உலவுகிறது. அது தவறு. அவர் பயன்படுத்திய பாட்டு வடிவத்துக்கு ஜெர்மன் மொழியில் "பார்" என்று பெயர். அதை மதுக்கடை என்று புரிந்துகொண்டதன் விளைவு அது என்று இசையறிந்தவர்கள் விளக்குகிறார்கள். சபைக்குள் ஆதாரம் காட்டும்போது நாமாவது சரியானதைக் காட்டவேண்டும்.

மெட்டுக்குப் பாவமும் இல்லை, பரிசுத்தமும் இல்லை என்றே நினைக்கிறேன். இசையமைப்பாளர் ஹேண்டல் வேத வசனங்களுக்கு இசையமைத்த "மேசியா" 1742 ஏப்ரல் 13 அன்று டப்ளின் நகரில் ஓர் இசையரங்கில்தான் முதன்முதலாக ஒலித்தது. அடுத்த வருடம் லண்டனில், வேத வசனத்தை நாடகக் கொட்டகையில் பாடுவதா என்று எதிர்ப்புக் கிளம்பியது. இன்று அதை ஆலயங்களில் பாடுகிறார்கள். ஆனாலும் நடைமுறையில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. ஒரு மெட்டைக் கேட்டதும் எல்லாருக்கும் ஒரு நடிகரின் முகம் வருமானால், அதில் தேவனைப் பாடச் சொல்லி அவர்களைத் தண்டிக்காதீர்கள். முகம் மறந்த பிறகு பாடலாம்.

பிள்ளைகளுக்கு எதைக் காட்டலாம்?

எதை என்பதைவிட யாரோடு என்று யோசியுங்கள். பக்கத்தில் உட்காருங்கள். சமையல் முடியட்டும் என்று பிள்ளை கையில் திரையைக் கொடுத்துவிட்டுப் போகும் அம்மாக்களை நான் குற்றம் சொல்லமாட்டேன். அவர்களுக்கு உதவ ஆள் இல்லை என்பதுதான் அங்கே உண்மையான பிரச்சினை. ஆனால் ஒரு நாளில் ஒரு முறையாவது கூட உட்கார்ந்து, "அவன் ஏன் அப்படிச் செஞ்சான்?" என்று கேளுங்கள்.

இந்த விஷயத்தில் எனக்கு முன்மாதிரி அமெரிக்காவின் பிரெட் ரோஜர்ஸ். தொலைக்காட்சியில் ஒருவர் முகத்தில் ஒருவர் மாவுப் பண்டத்தை எறிந்து சிரிக்கவைப்பதைப் பார்த்து வருந்தி, இந்தக் கருவியை நல்லதற்குப் பயன்படுத்த முடியாதா என்று அதற்குள் போனவர். 1963-ல் பிரெஸ்பிட்டேரியன் சபை அவரைக் குருவாக அபிஷேகம் செய்தபோது, தொலைக்காட்சி வழியாகப் பிள்ளைகளுக்கு ஊழியம் செய்யும்படியே அனுப்பியது. பிள்ளைகளுக்கான அவருடைய தொலைக்காட்சி நிகழ்ச்சி 1968 முதல் 2001 வரை ஏறக்குறைய 900 பகுதிகள் வந்தது. ஒன்றிலும் பிரசங்கம் கிடையாது. 1969-ல், கறுப்பினத்தவரை வெள்ளையரின் நீச்சல்குளங்களிலிருந்து விரட்டிய காலத்தின் நிழல் இன்னும் போகாதபோது, அந்த நிகழ்ச்சியில் காவலராக நடித்த கறுப்பினப் பாடகர் பிரான்சுவா கிளெம்மன்ஸைத் தன்னோடு ஒரே சிறு தொட்டியில் கால் நனைத்துக்கொள்ள அழைத்தார். இருவரும் ஒரே துண்டில் கால் துடைத்தார்கள். பார்த்த பிள்ளைகளுக்கு யாரும் எதையும் விளக்கவில்லை. சீஷர்களின் கால்களைக் கழுவிய அந்த இரவைப் பற்றி நான் எத்தனையோ பிரசங்கம் செய்திருக்கிறேன். அந்தச் சில நிமிடங்கள் சொன்னதை அவற்றில் எதுவும் சொல்லவில்லை.

இயேசுவாக ஒரு நடிகர் நடிப்பது சரியா?

எனக்குச் சரியே. சினிமாவின் பிறப்பிலேயே நம் கை உண்டு. அமெரிக்காவின் நியூவார்க் நகரத்துப் போதகர் ஹானிபல் குட்வின், வேதக் கதைப் படங்களைக் காட்டக் கண்ணாடித் தகடுகள் உடைந்துபோகின்றன என்று, வளையும் செல்லுலாய்டு படச்சுருளைக் கண்டுபிடித்து 1887-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அது கிடைக்க 1898 ஆயிற்று. 1900-ல் இரட்சணிய சேனையார் மெல்போர்னில், இரத்தசாட்சிகளின் கதையை அசையும் படங்களும் வண்ணத் தகடுகளும் பாட்டும் பிரசங்கமும் சேர்த்து ஆயிரக்கணக்கானோருக்குக் காட்டினார்கள். என் ஒரே எச்சரிக்கை, கண்மூடி ஜெபிக்கும்போது அந்த நடிகரின் முகமே வந்து நிற்குமானால், கொஞ்ச நாள் சுவிசேஷத்தை மட்டும் வாசியுங்கள்.

நம் விசுவாசத்தைக் கேலி செய்யும் படம் வந்தால் எதிர்த்துப் போராட வேண்டாமா?

முதலில் பாருங்கள். பார்க்காமல் கையெழுத்துப் போடச் சொல்லி என்னிடம் நீட்டப்படும் எந்தத் தாளிலும் நான் கையெழுத்திடுவதில்லை. எபேசுவின் நாடக அரங்கத்தில் ஜனங்கள் இரண்டு மணி நேரம் கூச்சலிட்டதை அப்போஸ்தலர் நடபடிகள் 19-ல் வாசிக்கிறோம். எதற்காகக் கூடினோம் என்றே அவர்களில் அநேகருக்குத் தெரியவில்லை என்று லூக்கா எழுதுகிறார். அந்தக் கூட்டம் நமக்கு எதிராகக் கூடிய கூட்டம். நாம் அதைப்போல ஆகிவிடக் கூடாது.

சபை ஒரு பட்டியல் போட்டுக் கொடுத்தால் எளிதாக இருக்குமே, பார்க்கக்கூடியவை, கூடாதவை என்று?

எளிதாகத்தான் இருக்கும். 1642-ல் இங்கிலாந்து நாடாளுமன்றம் நாடகக் கொட்டகைகளையே மூடிப்பார்த்தது. 1660-ல் மறுபடி திறந்தாயிற்று. 1934 முதல் அமெரிக்கக் கத்தோலிக்கர் ஆகாத படங்களுக்குப் போகமாட்டோம் என்று ஆலயங்களில் உறுதிமொழி எடுத்தார்கள். அவர்களுடைய அக்கறையை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் பட்டியல் இருந்தால் மனசாட்சி தூங்கிவிடுகிறது. 1974 முதல் பிரான்சின் கான் திரைப்பட விழாவில் கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டாரும் சேர்ந்த நடுவர் குழு ஒன்று உட்கார்ந்து, மனிதனின் ஆழத்தைத் தொடும் படத்துக்குப் பரிசு கொடுக்கிறது. உள்ளே போய் உட்கார்ந்து, நல்லதை நல்லது என்று சொல்வது. அது எனக்குப் பிடித்திருக்கிறது.

ஒரு பகுதி பார்க்க உட்கார்ந்தால் விடிந்துவிடுகிறது. இதிலிருந்து எப்படி வெளியே வருவது?

இதற்கு உபதேசம் செய்யும் தகுதி எனக்கு இல்லை. நடந்ததைச் சொல்கிறேன். ஓர் இரவு ஒரு தொடரின் கடைசிப் பகுதியில் இருந்தேன். கைபேசி அதிர்ந்தது. சபை மூப்பர் ஒருவருடைய மனைவி. இருபது நிமிடத்தில் முடிந்துவிடும், பிறகு கூப்பிடலாம் என்று கவிழ்த்துவைத்தேன். முடிந்ததும் அடுத்தது தானாகவே ஓடத் தொடங்கியது. காலையில்தான் கூப்பிட்டேன். அவர் கணவர் இரவு ஒன்றரை மணிக்குப் போய்விட்டிருந்தார். "தூங்கியிருப்பீங்கன்னு நெனச்சேன் ஐயா" என்றார். நான் தூங்கவில்லை என்பதை அடக்கம் முடிந்த மறுவாரம் அவரிடம் போய்ச் சொன்னேன். அவர் என்னை மன்னித்தார்.

அன்றிலிருந்து தானாக ஓடும் வசதியை அணைத்துவைத்திருக்கிறேன். கைபேசியைக் கவிழ்த்துவைப்பதில்லை. தனியாக இரவில் தொடர் பார்ப்பதையும் விட்டுவிட்டேன். யாராவது கூட இருந்தால் பார்க்கிறேன்.

எங்கள் அம்மா நாள் முழுக்கத் தொடர் பார்க்கிறார். வேதம் வாசிக்கச் சொல்லி நீங்கள் புத்தி சொல்லக்கூடாதா?

வீட்டைவிட்டு நகர முடியாத ஒரு பாட்டியம்மாவின் மகன் கேட்டது. போனேன். தொடர் ஓடிக்கொண்டிருந்தது. மாமியார் மருமகளைத் துரத்துகிறாள், யாரோ சொத்தை எழுதி வாங்குகிறார்கள். பாட்டியம்மாவின் மடியில் ஒரு பழைய நோட்டு. புரட்டிப்பார்க்கலாமா என்று கேட்டேன். கொடுத்தார். பெயர்கள். எல்லாம் எங்கள் சபையாரின் பெயர்கள். தொடரில் ஒருத்திக்குக் குழந்தை இல்லை என்றால், சபையில் அதே வேதனையில் இருப்பவளின் பெயரை எழுதிக்கொள்கிறார். கதையில் ஒருவன் வேலையை இழந்தால், இங்கே வேலை இழந்தவன் பெயர். விளம்பரம் வரும்போது அவர்களுக்காக ஜெபிக்கிறார். எத்தனை வருடமாக என்று கேட்டேன். நோட்டு இது நான்காவது என்றார்.

மகனிடம் புத்தி சொல்ல எதுவும் இல்லை என்றேன். முடிந்தால் மாலையில் அரைமணி நேரம் அம்மாவோடு உட்கார்ந்து பார்க்கச் சொன்னேன். போனவாரம் திருவிருந்து கொடுக்கப் போனபோது, "உட்காருங்க ஐயா, இன்னும் பத்து நிமிஷம்தான்" என்றார் பாட்டியம்மா. அப்பத்தையும் கிண்ணத்தையும் மேசைமேல் மூடிவைத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். மகனும் வந்து உட்கார்ந்தான்.